பெரும்பான்மை இருந்தால் எதையும் திருத்தலாம் என்றால், அடிப்படை உரிமைகளுக்கு என்ன காப்பு?

கேள்வி – போட்டித் தேர்வு மாணவி

அனைவருக்கும் வணக்கம். அரசமைப்புச் சட்டத்தின் 42-ஆவது, 44-ஆவது திருத்தங்களை அடுத்தடுத்துப் படித்தபோது எழுந்த ஐயம் இது. 1976-இல் நாடாளுமன்றம், அரசமைப்பைத் திருத்தும் அதிகாரத்தைத் தரும் 368-ஆவது பிரிவைப் பயன்படுத்தித்தான் நீதிமன்றங்களின் அதிகாரத்தைக் குறுக்கியது. அதே பிரிவைப் பயன்படுத்தித்தான் 1978-இல் அடுத்த நாடாளுமன்றம் குடிமக்களின் உரிமைகளுக்கு வலுச் சேர்த்தது. கொடுக்கும் கையும் பறிக்கும் கையும் ஒன்றே என்றால், அந்த உரிமைகளுக்கு என்ன உறுதி? நீதிமன்றம் காக்கும் என்று பாடநூல் சொல்கிறது. ஆனால் நெருக்கடி நிலையின்போது மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் கைதானவர்கள், தம்மை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவே தாக்கல் செய்ய முடியாது என்று, 1976 ஏப்ரல் 28 அன்று, ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. விளக்கம் அறிந்தவர்கள் பொறுமையுடன் எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற வழக்கறிஞர்

மிகச் சரியான இடத்தில் கேள்வி எழுப்பியிருக்கிறீர்கள் அம்மா. திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டு என்பதை 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஏழுக்கு ஆறு என்ற மிக மெல்லிய பெரும்பான்மையில் நிறுவியது. அதன்படி, நாடாளுமன்றம் அடிப்படை உரிமைகள் உட்பட எந்தப் பகுதியையும் திருத்தலாம். ஆனால் மக்களாட்சி, நீதிமன்ற மறுஆய்வு போன்ற, அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது. இதை முறியடிக்கத்தான் எந்தத் திருத்தத்தையும் எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்ற உட்பிரிவை 42-ஆவது திருத்தம் 368-இல் நுழைத்தது.

44-ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்த ஜனதா அரசுக்கு மக்களவையில் வலு இருந்தும் மாநிலங்களவையில் பெரும்பான்மை இல்லாததால், அது விரும்பிய மாற்றங்கள் எல்லாம் நிறைவேறவில்லை. நான் குறிப்பிட்ட அந்த உட்பிரிவும் அப்படியே நின்றது. அதை 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் நீக்கியது உச்ச நீதிமன்றம்தான். வரம்புக்குட்பட்ட திருத்தும் அதிகாரத்தைக் கொண்டே வரம்பற்ற அதிகாரத்தை எடுத்துக்கொள்ள இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

44-ஆவது திருத்தம் செய்த காரியங்களும் சிறியவை அல்ல. நெருக்கடி நிலைக்கு 'உள்நாட்டுக் குழப்பம்' போதும் என்றிருந்ததை 'ஆயுதக் கிளர்ச்சி' என்று இறுக்கியது. 1975 ஜூன் 25 இரவு அமைச்சரவை கூடாமலேயே குடியரசுத் தலைவரிடம் கையெழுத்துப் பெறப்பட்டதை மனத்தில் கொண்டு, அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் அவர் பிரகடனம் செய்யலாம் என்று விதித்தது. அந்தப் பிரகடனத்துக்கு ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையுடன் ஒப்புதல் தர வேண்டும் என்றும், ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்றும் ஆக்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றத் தண்டனையில் பாதுகாப்பு, உயிர், தனிமனித விடுதலை ஆகியவற்றுக்கு 20, 21 ஆகிய பிரிவுகள் தரும் உரிமைகளை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாது என்று எழுதி வைத்தது. ஜபல்பூர் வழக்கில் மறுப்புத் தீர்ப்பு எழுதிய ஒரே நீதிபதியான எச்.ஆர்.கன்னா, மறு ஆண்டே தலைமை நீதிபதிப் பதவிக்கான வரிசையில் தாண்டப்பட்டுப் பதவி விலகினார். நீதிமன்றம் அன்று காக்கத் தவறிய உரிமையை நாடாளுமன்றம் திருத்தத்தின் வழியே மீட்டுத் தந்தது. அந்தத் தீர்ப்பைப் பிழையென்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாக ஒதுக்கியது 2017-இல் புட்டசாமி வழக்கில்தான்.

மறுமொழி 2 – வரலாற்று ஆசிரியர்

ஐயா எழுதியதை ஏற்கிறேன். ஆயினும் திருத்தம் என்றாலே ஆபத்து, நீதிமன்றம் என்றாலே அரண் என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது. முதல் திருத்தத்தின் பின்னணியே சென்னை மாகாணம்தான். கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையை செண்பகம் துரைராசன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும், பின்னர் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் செல்லாது என்று அறிவித்தன. பெரியார் முன்னின்ற பெருங்கிளர்ச்சிக்குப் பிறகு, அதே ஆண்டு ஜூனில் 15(4) என்ற உட்பிரிவு சேர்க்கப்பட்டது. பிற்படுத்தப்பட்டோருக்குக் கல்லூரிகளில் இட ஒதுக்கீடு நிலைத்தது இந்தத் திருத்தத்தால்தான். ஆனால் அதே திருத்தம்தான் பொது ஒழுங்கின் பெயரால் பேச்சுரிமைக்குப் புதுக் கட்டுப்பாடுகளையும் கொண்டுவந்தது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. அந்தக் கட்டுப்பாடுகள் 'நியாயமானவையாக' இருக்க வேண்டும் என்ற ஒரு சொல் கூடவே சேர்க்கப்பட்டதால், அவற்றை எடைபோடும் அதிகாரம் நீதிபதிகளிடம் நின்றது. மேலும், 44-ஆவது திருத்தம் பிறந்ததற்கு முதற்காரணம், நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த அரசை 1977 மார்ச்சில் வாக்களித்துத் தோற்கடித்த மக்கள்.

மறுமொழி 3 – குற்றவியல் வழக்கறிஞர்

இதுவரை எழுதியவர்கள் நிர்வாகத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. தடுப்புக் காவல் வழக்குகளையே நடத்திவரும் எனக்கு நெடுநாளாக உறுத்தும் செய்தி ஒன்று உண்டு: 44-ஆவது திருத்தத்தின் ஒரு பகுதி இன்றுவரை நடைமுறைக்கு வரவேயில்லை.

ஒருவரை விசாரணையின்றி மூன்று மாதத்துக்கு மேல் அடைத்து வைக்க வேண்டுமானால், காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று ஆராயும் அறிவுரைக் கழகத்தின் கருத்து வேண்டும் என்பது இப்போதுள்ள 22-ஆவது பிரிவு. இதை இரண்டு மாதமாகக் குறைத்து, கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே அமைக்க வேண்டும், பணியிலுள்ள நீதிபதியே அதற்குத் தலைமை தாங்க வேண்டும் என்று அந்தத் திருத்தத்தின் 3-ஆம் கூறு சொல்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது, குடியரசுத் தலைவரும் 1979-இல் ஒப்புதல் அளித்துவிட்டார். ஆனால் நடைமுறைக்கு வரும் நாளை மத்திய அரசு அரசிதழில் அறிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதால், எத்தனையோ ஆட்சிகள் மாறியும் அந்த அறிவிக்கை மட்டும் வரவில்லை. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்படுவோருக்கும் அதனால் பழைய விதிதான்.

கேள்வி கேட்டவர்

இது எந்தப் பாடநூலிலும் நான் காணாத செய்தி ஐயா. அறிவிக்கை வெளியிடுமாறு அரசுக்கு நீதிமன்றம் ஆணையிட முடியாதா?

மறுமொழி 3 – குற்றவியல் வழக்கறிஞர்

கேட்டுப் பார்த்தார்கள் அம்மா. 1981 டிசம்பரில் ஏ.கே.ராய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் இதற்கு உடன்படவில்லை. நாளைக் குறிக்கும் பொறுப்பை நாடாளுமன்றமே அரசிடம் விட்டுவிட்டபோது நீதிமன்றம் அரசைக் கட்டாயப்படுத்த இயலாது என்றார்கள். அதிகாரப் பகிர்வை மதித்துச் சொன்ன விடைதான். ஆனால் அதன் விலையைச் சிறையில் இருப்பவர் கொடுக்கிறார் என்பதே என் வருத்தம்.

இது ஒரு திருத்தத்தோடு நிற்கவில்லை. 6 முதல் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 86-ஆவது திருத்தம் 2002-இல் நிறைவேறியும், 2010 ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஒரு திருத்தத்தைப் படிக்கும்போது, அது எந்த நாளில் எந்த அறிவிக்கையால் உயிர் பெற்றது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உரிமை தரும் திருத்தங்களில் அந்த நாளைச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று வலியுறுத்தும் கடமை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உண்டு. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு 3-ஆம் கூறைக் குறித்து ஒரு கடிதம் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.