களர் நிலத்தில் மரம் வைத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

திருச்சி பக்கத்திலிருந்து:

மணிகண்டம் பக்கம் எங்கள் நிலத்தில் ஒரு மூலை முழுக்கக் களர், அதாவது களிமண்ணில் சோடியம் அதிகமாக ஒட்டியிருக்கும் மண். மழை பெய்தால் சோப்பு மாதிரி வழுக்கும். தண்ணீர் உள்ளே இறங்காமல் கலங்கலாகவே நிற்கும். காய்ந்துவிட்டால் கடப்பாரைகூட இறங்காது. மண் பரிசோதனையில் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை, மேலே போனால் காரம்) 9.5-ஐத் தாண்டியிருந்தது. அப்பாவே நெல் போடாமல் விட்ட இடம். சரி, மரமாவது வரட்டும் என்று இறங்கினோம்.

கன்றைவிடக் குழிதான் முக்கியம் என்பேன். களரில் பெரும்பாலும் சில அடிக்குக் கீழே சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல் அடுக்கு) கெட்டியாகப் படிந்திருக்கும். ஒன்றரை அடிக் குழியில் வைத்த கன்று முதல் மழைக்காலத்தில் ஜோராகத் தெரியும். வேர் சுக்கானில் போய் முட்டியதும் அடுத்த கோடையில் கருகும். எங்கள் ஊரில் 'களரில் எதுவும் வராது' என்று சொல்பவர்களில் பலர் இப்படிக் குழி எடுத்தவர்கள்தான்.

ஹரியானாவில் உள்ள கர்னாலில் 1969-இல் தொடங்கிய மத்திய ஆராய்ச்சி நிலையம் உவர் (கரையும் உப்பு மிகுந்த மண்), களர் நிலங்களுக்காகவே இருக்கிறது. அவர்கள் முறைப்படி டிராக்டரில் மாட்டும் துளைப்பானால் ஒரு சாண் அகலம், நாலடி ஆழம் துளை போட்டுச் சுக்கானை உடைத்துவிட வேண்டும். எடுத்த மண்ணோடு துளைக்கு ஜிப்சம் 3 கிலோ, தொழுவுரம் 8 கிலோ கலந்து திரும்ப நிரப்ப வேண்டும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம், களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். விரட்டிய சோடியம் கீழே போக நல்ல தண்ணீர் வேண்டும். அதனால் மழைக்கு முன்பே குழி தயாராக இருப்பது நல்லது.

புங்கனும் நாட்டுக் கருவேலமும் அலட்டிக்கொள்ளாமல் வந்தன. வேம்பு மேட்டில் பிழைத்தது, தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் போய்விட்டது. அந்தப் பள்ளத்தில் இப்போது நீர்மருது நிற்கிறது.

மரம் வந்தபிறகு மண்ணுக்கு என்ன ஆகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. வேர் விடும் மூச்சும் மட்கும் இலையும் மண்ணில் கரியமில வாயுவைக் கூட்டுகின்றன. அது ஈரத்தோடு சேர்ந்து லேசான அமிலமாகி மண்ணில் இருக்கும் சுண்ணாம்பைக் கரைக்கிறது. அதிலிருந்தும் கால்சியம் கிடைக்கிறது. ஆனால் மெதுவாகத்தான் நடக்கும். மரம் வைத்த மூன்றாம் வருஷமே நெல் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாகையிலிருந்து:

அண்ணா சொன்னது களருக்குச் சரி. எங்களுடையது உவர். 2004 சுனாமியில் கடல் ஏறிய நிலம், மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இதற்கு ஜிப்சம் தேவைப்படவில்லை. உப்பு தண்ணீரில் கரையக்கூடியதுதான், கழுவிப் போக வழி வேண்டும், அவ்வளவே. வரப்பைக் கட்டி ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி, அப்புறம் வாய்க்காலில் வடித்துவிட்டோம்.

மேட்டு வரப்பில் சவுக்கு வைக்கும்போது உச்சியில் வைக்காமல் பக்கச் சரிவில் வைத்தோம். ஈரம் ஆவியாகும்போது உப்பெல்லாம் உச்சிக்குத்தான் ஏறும்.

ராமநாதபுரத்திலிருந்து:

சீமைக் கருவேலம் தானாகவே வருகிறதே, அதையே விட்டுவிடலாமா?

திருச்சி பக்கத்திலிருந்து:

களரைத் தாங்குவதில் அதற்கு இணை குறைவு, மறுக்க மாட்டேன். ஆனால் பக்கத்து வயலுக்கும் கண்மாய்க்கும் பரவினால் வெட்டி மாளாது. நான் வைக்க மாட்டேன்.

நீங்கள் குழி எடுக்கும் முன் போர் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுங்கள். பைகார்பனேட் அதிகம் உள்ள தண்ணீரை விட்டால் கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும், சோடியம் மறுபடி மண்ணில் ஏறும். போட்ட ஜிப்சம் வீண்.