எலும்பு கலைந்து கிடந்தால் கல்லறைக் கொள்ளை என்று சொல்லலாமா?

வந்தாறுமூலை மாணவி:
6ஆம், 7ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கல்லறைகள் பற்றி வகுப்பில் பேச வேணும். பல குழிகளில் நெஞ்செலும்புகள் குவியலாக் கிடக்கு, கால் மட்டும் ஒழுங்கா இருக்கு. கொள்ளை என்று எதை வைத்து முடிவெடுக்கிறாங்க? வேரோ விலங்கோ கலைத்திருக்க ஏலாதா?

களுவாஞ்சிக்குடி:
ஏலும் தங்கச்சி. அதனாலதான் முதலில் மண்ணைப் பார்க்கிறது. விலங்கு வளை குறுகலா, வளைந்து வளைந்து போகும். மனிதர் தோண்டியிருந்தால் பழைய குழியை வெட்டிக்கொண்டு இன்னொரு குழி இறங்கும். அதை நிரப்பிய மண் நிறத்திலும் இறுக்கத்திலும் வேறுபடும்.

அடுத்தது மூட்டு. விரல் மூட்டுகள் கெதியாக் கழன்றுவிடும். இடுப்பு, முழங்கால், கீழ்முதுகு நெடுநாள் தாங்கும். முழங்கை கழலாமல் முழுக்கையும் இடம் மாறிக் கிடந்தால், தசைநார் இருக்கும்போதே திறந்திருக்கிறாங்க. எலும்புகள் தனித்தனியாச் சிதறியும் சவப்பெட்டியின் அடித்தளத்திலேயே கிடந்தால், உள்ளே மண் இறங்க முன்னம் திறந்தது. நிரப்பு மண்ணில் பல மட்டங்களில் கலந்திருந்தால், பெட்டி இடிந்த பிறகு.

எலும்பை எடுத்துவிட்டு வரைந்தால் இதெல்லாம் போச்சு. எல்லாவற்றையும் இருந்தபடியே வெளிப்படுத்தி, மட்டம் எடுத்து, 1:10 அளவில் வரைந்த பிறகுதான் அசைக்கலாம். மண்ணையும் சல்லடையில் அரிக்க வேணும், இல்லாட்டி விரலெலும்பும் மணியும் தப்பிவிடும்.

அக்கரைப்பற்று:
கலைத்தது மனிதர்தான் என்றாலும் கொள்ளை என்று அவசரப்படாதீங்க. தொல்லியலாளர் அலிசன் கிளெவ்னாஸ் இங்கிலாந்தின் கென்ட் கல்லறைகளில் கண்டது இது: ஆண்களிடம் வாளையும் பெண்களிடம் புரூச்சையும் (உடையில் குத்தும் ஊசி அணி) தெரிந்தெடுத்திருக்கிறாங்க, தங்க, வெள்ளிப் பதக்கங்களை விட்டிட்டுப் போயிருக்கிறாங்க. பணத்துக்கு வந்தவன் பதக்கத்தை விடுவானா? எடுத்த பொருளின் தடயம் எலும்பிலேயே இருக்கும்: கழுத்தெலும்பில் பச்சைக் கறை இருந்தால் அங்கே வெண்கலம் இருந்தது, கையோரம் துருச் செதில் ஒட்டியிருந்தால் இரும்பு.

இத்தாலியை ஆண்ட லொம்பார்ட் அரசன் ரொதாரி 643இல் விதித்த சட்டத்தில், கல்லறையை உடைத்து உடலில் இருந்ததைப் பறித்தவன் 900 சொலிடஸ் (தங்க நாணயம்) தண்டம் கட்ட வேணும். அது போவது இறந்தவரின் உறவினருக்கு. உறவினரே திறந்தால் தண்டம் கேட்க ஆளில்லை. இதைப் பார்த்தால், உறவினரே திறந்த கல்லறைகளும் இதில் இருக்கும் என்றுதான் எனக்குப் படுகுது.

வந்தாறுமூலை மாணவி:
நன்றி சேர். மட்டக்களப்புக் கதிரவெளியில் இருக்கிற பெருங்கற்கால ஈமங்களுக்கும் (பெரிய கல் வைத்த பழைய புதைகுழிகள்) மூட்டுக் கணக்கு சரிவருமா?

களுவாஞ்சிக்குடி:
பார்க்கிற முறை சரிவரும், கால அளவு சரிவராது. எங்கட வெக்கையில் உடல் கெதியா அழிஞ்சுபோகும். அதோட பெருங்கற்கால மக்கள் எலும்பைப் பொறுக்கிச் சேர்த்துப் புதைச்சதும் உண்டு. அப்படியான இடத்தில் மூட்டுக் கழன்றிருக்கிறது கலைத்ததுக்கு ஆதாரமாகாது. இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம், அதனால கல்லைப் புரட்ட வேணாம். மூடுகல் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கு என்பதை, அளவுகோலும் வடக்குக் குறியும் வைத்துப் படமெடுங்க.