காந்தி மார்க்கெட்டும் பஞ்சப்பூருக்குப் போகணுமா?

பாலக்கரைவாசி:
2025-ல் திருச்சி பஸ் ஸ்டாண்டு ஊருக்கு வெளிய பஞ்சப்பூருக்குப் போனப்பவும் "திருச்சியே செத்துடும்"னாங்க. சாகலை. அங்கேயே காய்கறிச் சந்தைக்கும் அடிக்கல் நாட்டியாச்சு. அப்புறம் காய்கறி மொத்த வியாபாரம் நடக்குற காந்தி மார்க்கெட்டை மட்டும் ஏன் ஊர் நடுவுல வச்சுக்கிட்டு அழணும்? ராத்திரி பன்னெண்டு மணிக்கு வந்து பாருங்க. லாரி ரிவர்ஸ் எடுக்கும், பின்னாடி நாலு குட்டியானை வண்டி, இதுக்கு நடுவுல சிக்கின ஆம்புலன்ஸ். மழை பெஞ்சா முட்டைக்கோஸ் இலையும் சேறும் கணுக்கால் வரைக்கும். வேட்டியைத் தூக்கிக் கட்டாம காய் வாங்க முடியாது.

மண்டிக்காரர் மகன்:
காந்தி மார்க்கெட்டுக்குப் பதிலா கட்டின கள்ளிக்குடிச் சந்தையை மறந்துட்டீங்களா சார்? 2017-ல் சுமார் 77 கோடி செலவு பண்ணித் திறந்தாங்க. வியாபாரிங்க போகலை. ஊரை விட்டு ரொம்பத் தள்ளி, கடையும் சின்னதுன்னு அப்பவே சொன்னோம். கட்டுறதுக்கு முன்னாடி ஒரு லோடுமேனைக் கூப்பிட்டு, வெங்காய லோடு வந்தா எத்தனை மூட்டை அடுக்கணும்னு கேட்டிருந்தா போதும். கேக்கலை.

பாலக்கரைவாசி:
தம்பி, உங்களுக்கு எங்க கட்டிக் கொடுத்தாலும் ஒரு நொட்டை இருக்கும். 2020 ஊரடங்குல மார்க்கெட்டை மூடினப்ப ஜி கார்னர் மைதானத்துல மாசக்கணக்கா வியாபாரம் நடக்கலையா? திரும்பத் திறக்கக் கூடாதுன்னு வழக்குப் போட்டு, ஹைகோர்ட் மதுரைக் கிளையில தடை வாங்கி, அப்புறம்தானே அது விலகுச்சு. அத்தனை நாளும் ஊர்ல யாரும் சாம்பார் வைக்காம இல்லையே.

மண்டிக்காரர் மகன்:
ஜி கார்னர் பொன்மலைப் பக்கம், ஊருக்குள்ளதான் இருக்கு. பஞ்சப்பூர் அப்படியா? அதோட அது கட்டாயத்துக்குப் போனது. மைதானத்துல கூரை ஏது? ஒரு மழைக்குத் தக்காளிப் பெட்டி என்ன ஆகும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

பூக்காரி பேத்தி:
ரெண்டு பேரும் மண்டியைப் பத்தியே பேசுறீங்க. தரைக்கடை போடுறவங்க? எங்க ஆயா விடியக்காலை மூணரைக்கு வந்து, ஈரச் சாக்கை விரிச்சு, உதிரிப் பூவைக் கொட்டி, மேல ஒரு கை தண்ணி தெளிச்சுட்டுதான் வெத்தலையே போடும். ஆறு மணிக்குள்ள பாதி வித்துடும். அந்த நேரத்துக்குக் கோயிலுக்குப் போறவங்கதான் கிராக்கி. பஞ்சப்பூர்ல விடிகாலையில யார் பூ வாங்குவா, பஸ்ஸுக்கு நிக்கிறவங்களா?

2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்தை யாராவது படிச்சீங்களா? கணக்கெடுத்து, சான்றிதழ் கொடுத்து முடிக்கிற வரைக்கும் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாத்தணும்னா 30 நாள் நோட்டீஸ். தெருவோர வியாபாரத்தைக் கவனிக்கிற நகர விற்பனைக் குழுவுல 40 சதவீதத்துக்குக் குறையாம வியாபாரிங்களே தேர்தல் வச்சு அனுப்பின ஆளுங்க இருக்கணும். அம்பது வருஷத்துக்கு மேல தெருவியாபாரம் நடக்குற, ஜனங்க வழக்கமா கூடுற இயல்புச் சந்தையைப் பாரம்பரியச் சந்தைன்னு அறிவிக்கணும், அங்க இருக்கிறவங்களை மாத்தவே கூடாதுன்னு அதே சட்டத்தோட ரெண்டாவது அட்டவணையில இருக்கு.

பாலக்கரைவாசி:
அம்மா, அந்தச் சட்டம் தெருவோரக் கடைக்கு. மண்டிக்கு இல்லை. அதையும் இதையும் போட்டுக் குழப்பாதீங்க.

பூக்காரி பேத்தி:
குழப்பலை சார், அதைத்தான் நானும் சொல்றேன். மண்டிக்குப் பேச ஒரு சங்கத்துக்கு நாலு சங்கம் இருக்கு. மண்டி போச்சுன்னா சட்டம் எங்களை இங்கேயே உக்கார விடும், ஆனா வாங்க வர்றவன் இருக்க மாட்டான்.

பாலக்கரைவாசி:
சரி, பாதி வழிக்கு வர்றேன். மொத்த வியாபாரம் மட்டும் போகட்டும். சில்லறை, பூ, தரைக்கடை எல்லாம் இங்கேயே இருக்கட்டும். லாரி ஒழிஞ்சாலே பாதிப் பிரச்சினை தீரும்.

மண்டிக்காரர் மகன்:
கேக்க நல்லாத்தான் இருக்கு. தள்ளுவண்டிக்காரர் இன்னைக்கு ரெண்டு பெட்டி தக்காளியை எங்ககிட்ட எடுத்து, நாலு எட்டுல வண்டியில வச்சுடுறார். நாளைக்குப் பஞ்சப்பூர் போகணும், குட்டியானைக்குப் பங்கு வாடகை கொடுக்கணும், ஏத்துக் கூலி, இறக்குக் கூலி. அது அத்தனையும் உங்க வீட்டு ரசத்துலதான் ஏறும். அதுக்கு அப்புறமும் அந்தக் குட்டியானைங்க எல்லாம் விடியக்காலை இங்கதான் வந்து நிக்கும். லாரிக்குப் பதிலா அது.

பாலக்கரைவாசி:
குட்டியானை பத்து நிமிஷத்துல இறக்கிட்டுப் போயிடும் தம்பி. லாரி ராத்திரி முழுக்க நிக்குது. வித்தியாசம் தெரியலையா?

மண்டிக்காரர் மகன்:
தெரியுது, அதை ஒத்துக்கிறேன். நான் போகவே மாட்டேன்னும் சொல்லலை. எங்க அப்பாதான் சொல்லுவார். ஒரு கடைக்கு எத்தனை சதுர அடி, அட்வான்ஸ் எவ்வளவு, வாடகையை எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை ஏத்துவீங்க, ஏலம் விட்டா வெளியூர்க்காரன் எடுத்துட்டுப் போகாம இருக்க என்ன வழி? இதை எழுத்துல கொடுத்தா நானே எங்க அப்பாகிட்ட பேசுறேன்.

பூக்காரி பேத்தி:
அப்படியே அந்தக் காலி ஆகுற இடத்துல என்ன வரப்போகுதுன்னும் எழுதி வாங்குங்க அண்ணே. கார் பார்க்கிங்னா, எங்க ஆயாகிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க. காலையில மூணரைக்கு அங்கதான் இருக்கும்.