எட்டு அறிக்கை சரி, ஒன்பதாவது தப்பு

ஜாவாவின் த்ரெட் பூலில் (வேலைகளை ஓட்டும் த்ரெட்டுகளைத் தயாராக வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தும் தொகுப்பு) சூடு பட்டவர்கள் இங்கே எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

பல கிளைகள் உள்ள ஒரு நிறுவனத்துக்கு ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் சேவை எழுதியிருந்தோம். லாகின் செய்தவர் யார், எந்தக் கிளை என்பதை இன்ஹெரிட்டபிள் த்ரெட்லோக்கலில் (த்ரெட்டோடு ஒட்டியிருந்து, அது உருவாக்கும் புதிய த்ரெட்டுக்கும் போகும் மாறி) வைத்திருந்தோம். மாத அறிக்கைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் அதை மட்டும் ஏசிங்க் ஆக்கினோம், அதாவது பின்னணியில் வேறு த்ரெட்டில் ஓடவிட்டோம். டெஸ்டில் ஒரு குறையும் இல்லை. புரொடக்‌ஷனில் ஒருநாள், ஒரு கிளை மேலாளருக்கு வேறொரு கிளையின் சம்பளக் கணக்கு போய்விட்டது. அவர் ஃபோன் செய்தபோது எனக்குக் கை நடுங்கியது. பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க முடியாதே.

சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும். இரண்டு நாள் கேஷைச் சந்தேகப்பட்டோம். லாகில் த்ரெட் பெயரையும் அச்சிட்ட பிறகுதான் பிடிபட்டது: ரீஸ்டார்ட்டுக்குப் பின் முதல் 8 அறிக்கைகள் எப்போதும் சரி, ஒன்பதாவதிலிருந்து தப்பு.

ஸ்பிரிங் பூட் தானாகத் தரும் பூலில் 8 த்ரெட். அந்த எண்ணிக்கை நிறையும்வரை, சும்மா இருக்கும் த்ரெட் இருந்தாலும் ஒவ்வொரு வேலைக்கும் புதிது பிறக்கும். பிறக்கும்போது, கூப்பிட்ட த்ரெட்டிலிருந்து விவரத்தை நகலெடுத்துக்கொள்ளும். அந்த ஒரு தடவைதான். ஒன்பதாவது வேலை பழைய த்ரெட்டில் ஓடும். முன்பு வந்தவரின் கிளை அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் டெஸ்ட் எதுவும் எட்டைத் தாண்டியதில்லை.

டாஸ்க் டெக்கரேட்டர் (ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் நம் வரிகளைச் சேர்க்கும் உறை) எழுதிச் சரிசெய்தோம். வேலையைப் பூலிடம் கொடுக்கும்போதே விவரத்தை எடுத்து, ஓடும் த்ரெட்டில் வைத்து, ஃபைனலியில் (பிழை வந்தாலும் கடைசியில் ஓடும் பகுதி) துடைத்துவிட வேண்டும். துடைக்கும் வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிளை எண்ணை இப்போதெல்லாம் நேரடியாக ஆர்கியுமென்டாகவே அனுப்புகிறேன். நாலு எழுத்து கூடுதல்தான், ஆனால் படிப்பவருக்குக் கண்ணெதிரே தெரியும்.

பதில்:
நான் பட்டது ஆப் சர்வரில் (ஜாவா செயலிகளை ஓட்டி, த்ரெட்டுகளையும் தானே நிர்வகிக்கும் சர்வர்). அவசரத்துக்கு வெறும் நியூ த்ரெட் போட்டேன். அதற்குள் டேட்டாசோர்ஸை (டேட்டாபேஸ் இணைப்பை) ஜேஎன்டிஐயில் (சர்வர் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியல்) தேடினால் பெயரே இல்லை என்றது. சர்வருக்குத் தெரியாமல் பிறந்த த்ரெட்டுக்கு அந்தச் சூழல் எப்படிக் கிடைக்கும்? ஜாவா இஇ (நிறுவனச் செயலிகளுக்கான ஜாவா) 7-இல், 2013-லேயே, சர்வரே நிர்வகிக்கும் த்ரெட் பூலான மேனேஜ்டு எக்ஸிக்யூட்டர் சர்வீஸ் வந்துவிட்டது. அதற்கு மாற்றினோம், சரி. ஆனால் அது டிரான்ஸாக்‌ஷனைக் கூடவே கொண்டுபோகாது. அங்கே புதிதாகத் தொடங்க வேண்டும். ரோல்பேக் (பாதியில் தோற்றால் மாற்றங்களைத் திரும்பப் பெறுவது) ஆகாத பதிவுகளைக் கையால் அழித்தபோதுதான் எனக்கு இது உறைத்தது.

பதில்:
ஜாவா 8-இலிருந்து 11-க்குப் போனபோது, கம்ப்ளீட்டபிள் ஃபியூச்சருக்குள் (பின்னணி வேலைக்கான ஜாவா வசதி) ஜாக்ஸ்பி (எக்ஸ்எம்எல் படிக்கும், எழுதும் லைப்ரரி) கிளாஸ் கிடைக்கவில்லை என்று விழுந்தது. ஐடிஇயில் ஓடியது, ஜாராகக் கட்டினால் மட்டும் விழும். ஜாவா 9 முதல் காமன் பூல் (ஜாவா தானாகத் தரும் பொதுப் பூல்) த்ரெட்டுகள் சிஸ்டம் கிளாஸ்லோடரோடுதான் (கிளாஸைத் தேடி ஏற்றும் பகுதி) வருகின்றன; எங்கள் ஜாருக்குள் இருந்த லைப்ரரி அதன் கண்ணில் படவில்லை. பின்னணி வேலையைத் தொடங்கும் சப்ளை ஏசிங்கின் இரண்டாவது ஆர்கியுமென்டாக எங்கள் சொந்த எக்ஸிக்யூட்டரைக் (த்ரெட் பூலை) கொடுத்ததும் நின்றது.