பஸ்கா விருந்து ஓபரா மேடையா?

ஏட்டுச்சுவடி: நேற்று அரங்கன் எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை. எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைத்து யூதர்கள் வீட்டில் கொண்டாடும் பஸ்கா இரவு விருந்தை ஓபராவாக்கி, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகமாக்கி, டிக்கெட் வாங்கியவர்களையும் மேசையில் உட்கார்த்தினால்தான் அந்தச் சடங்குக்கு உயிர் வருமாம். அது எப்போது செத்தது? வீட்டின் கடைக்குட்டி, 'இந்த இரவு மட்டும் ஏன் வேறு மாதிரி?' என்று கேட்கிறது. எகிப்தின் மேல் கடவுள் அனுப்பிய பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுத் திராட்சரசத்தை விரலால் தொட்டுத் தட்டில் விடுகிறார்கள். எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறக்கிறார்கள். இன்னும் என்ன நாடகம் வேண்டும்? பஸ்காவுக்குப் பின் அஃபிகோமன் கூடாது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவே சொல்கிறது. அஃபிகோமன் என்றால் விருந்து முடிந்ததும் பாட்டும் கூத்துமாக வீடு வீடாகப் போகும் கிரேக்கக் கும்மாளம்.

அரங்கன்: அஃபிகோமன் என்பது பிள்ளைகள் தேடி எடுக்கும் புளிப்பில்லாத அப்பத் துண்டு. எந்த யூதக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்.

ஏட்டுச்சுவடி: அது பிறகு வந்த பொருள். சொல் கிரேக்கம்.

அரங்கன்: மிஷ்னாவை விளக்கும் தல்மூதில் சாமுவேல் என்ற அறிஞர் அதைச் சாப்பாட்டுக்குப் பின் தின்பது என்கிறார். காளான், புறாக்குஞ்சு. இதில் கும்மாளம் எங்கே?

ஏட்டுச்சுவடி: அதே இடத்தில் ராவ் என்ற இன்னொரு அறிஞர் சொன்னதை ஏன் விட்டீர்கள்? ஒரு கூட்டத்தை விட்டு இன்னொரு கூட்டத்துக்குப் போகக் கூடாது என்கிறார். எருசலேம் தல்மூது என்ற இன்னொரு தொகுப்பில் 'இசை வகைகள்' என்றே ஒரு விளக்கம் இருக்கிறது. பாதியை மட்டும் எடுத்துப் பேசுவது உங்கள் வழக்கம். பூரிம் பண்டிகை பற்றிய விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள்.

வைகைக்கரை: 1835-இல் பாரிஸில் அரங்கேறிய 'லா ஜூயிவ்' ஓபராவின் இரண்டாம் அங்கம் தொடங்குவதே பஸ்கா விருந்தில்தான். யூதப் பொற்கொல்லர் எலெயசார் அப்பத்தைப் பகிர்கிறார். யூதனாக வேடமிட்டு வந்த லியோபோல்ட் அதைத் தின்னாமல் நழுவ விடுகிறான். அவனைக் காதலிக்கும், எலெயசாரின் மகளாக வளரும் ராகேல் பார்த்துவிடுகிறாள். அந்த ஒரு துண்டு அப்பத்தில் அவன் யாரென்ற சந்தேகம் முளைக்கிறது. இசையமைத்த அலெவி யூதர். அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்?

ஏட்டுச்சுவடி: அங்கே பார்வையாளர் நாற்காலியில் இருந்தார், பந்தியில் இல்லை. மேடையில் காட்டுவதை நான் எதிர்க்கவில்லை. அஃபிகோமனுக்குப் பதில் சொல்லுங்கள்.

தேன்மொழி: பாரசீக யூதர்கள் 'தாயேனு' என்ற பஸ்காப் பாட்டைப் பாடும்போது வெங்காயத்தாளால் ஒருவரை ஒருவர் அடிக்கிறார்கள். எகிப்தியரின் சாட்டையாம் அது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் தானே எகிப்திலிருந்து புறப்பட்டதாக எண்ண வேண்டும் என்று நீங்கள் காட்டும் அதே மிஷ்னா அதிகாரம்தான் சொல்கிறது. நடிப்பு அதற்கு அந்நியமா?

ஏட்டுச்சுவடி: அம்மா, அது என் கட்சி. வீட்டுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது என்றுதானே சொல்கிறேன்? சட்டத்தை இம்மியும் விடாத ஆர்த்தடாக்ஸ் யூதர் வீட்டில் பண்டிகை இரவில் இசைக்கருவியைத் தொட மாட்டார்கள். வாத்தியம் இல்லாத ஓபராவா?

அரங்கன்: பண்டிகை அல்லாத நாளில் நடத்தினால்?

ஏட்டுச்சுவடி: அப்போது அது பஸ்காவே இல்லை. யூத நாட்காட்டியில் நிசான் மாதம் 15-ஆம் இரவு என்றால் அந்த இரவுதான்.

வைகைக்கரை: அது கிடக்கட்டும். 'கூத்து' என்பதைக் கும்மாளத்தோடு சேர்த்து இழிவாக எழுதியிருக்கிறீர்கள். என் தாத்தா முப்பது வருடம் தெருக்கூத்து கட்டியவர். திரும்பப் பெறுங்கள்.

ஏட்டுச்சுவடி: இழிவாக எழுதவில்லை. திரும்பப் பெறவும் மாட்டேன்.

அரங்கன்: காளானுக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஏட்டுச்சுவடி: ராவுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள், அப்புறம் காளானுக்கு வருகிறேன்.