‘செட்’ என்றால் என்னதான் அர்த்தம்? மகளிடம் மாட்டிக்கொண்டேன்

பாம்பன் வல்லம்:
எட்டாவது படிக்கிற மகள் நேற்று ராத்திரி இங்கிலீஷ் புத்தகத்தோடு வந்து, ‘செட்’ என்றால் என்னப்பா என்றாள். வலை ஒரு செட் வாங்கினோமே, அதுதான் என்றேன். இல்லையாம். பாடத்தில் சூரியன் செட் ஆகிறது, மேசையை செட் பண்ணுகிறார்கள், கப்பல்காரன் பாயை செட் பண்ணிக் கிளம்புகிறான். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அம்மா, “செட்டுன்னா சிக்கனம்டா, அதுகூடத் தெரியலையா” என்று ஒரு போடு போட்டார். எது சரி?

ராம்நாடு வாத்தியார்:
அம்மா சொன்னதும் சரி. கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துவது என்கிறோமே, அது நம் சொல், இதற்கும் இங்கிலீஷுக்கும் சம்பந்தமில்லை. இங்கிலீஷ்காரனுக்கே இது இரண்டு சொல். உட்கார வைப்பது என்ற வினை அவர்களுடைய பழைய சொல், ‘சிட்’டுக்கு உறவு. தொகுதி, கூட்டம் என்பது லத்தீன் ‘செக்டா’ பிரெஞ்சு வழியாக வந்து அதோடு கலந்தது. 1989ல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியில் வினைக்கு மட்டும் 430 பொருள். பிறகு ‘ரன்’ முந்திவிட்டது.

கீழக்கரை மாலுமி:
தம்பி, கப்பலில் இன்னொன்று உண்டு. நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தத் திசைக்குப் பெயர் ‘செட்’, வேகம் ‘டிரிஃப்ட்’. காற்றுக்கு வரும் திசையைச் சொல்வோம், நீருக்குப் போகும் திசை. வடகாற்று என்றால் வடக்கிலிருந்து வருவது, ‘செட்’ வடக்கு என்றால் தண்ணீர் வடக்கே போகிறது. புதுசில் இதை மாற்றிக் குறித்துவிட்டு நான் வாங்கிய திட்டு இருக்கிறதே!

மண்டபம் மருமகள்:
எங்கள் வீட்டில் நோன்பு மாதம் முழுக்க இந்த வார்த்தைதான். கடல்பாசி காய்ச்சித் தட்டில் ஊற்றிவிட்டு, செட்டாயிடுச்சா என்று ஆளாளுக்கு விரலால் தொட்டுப் பார்த்துக் குழி போட்டு வைப்பார்கள். ஃபிரிட்ஜ்கூட வேண்டாம், ஆறினாலே இறுகிவிடும். எனக்கும் மாமியாருக்கும்தான் இன்னும் செட்டாகவில்லை :) வாத்தியார் சார், இந்த அர்த்தம் அந்த 430ல் இருக்கிறதா, நாமே சேர்த்ததா?

ராம்நாடு வாத்தியார்:
கடல்பாசி இறுகுவது இங்கிலீஷிலேயே உண்டு அம்மா, அந்த அகராதியிலும் இருக்கிறது. மாமியாரோடு செட்டாவதுதான் நாமே சேர்த்தது. இங்கிலீஷ்காரனிடம் அப்படிச் சொன்னால் விழிப்பான்.

பாம்பன் வல்லம்:
மாலுமி காக்கா, அந்த நீரோட்டத்தை நாங்கள் நீவாடு என்போம். வலை விட்டதும் மிதவை எந்தப் பக்கம் இழுபடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பது. எல்லாம் சரி, அந்தப் பாய் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே? ஏற்றி, காற்றுக்குத் தோதாகக் கட்டுவதுதானே? சீக்கிரம் சொல்லுங்கள், காலையில் அவளுக்குப் பரீட்சை.