நிறுத்தி வச்சா பெட்ரோல் சொட்டுது, 1998 ஸ்ப்ளெண்டர். யோசனை சொல்லுங்க

செக்கானூரணி மல்லிக்காரன்:
வணக்கம் அண்ணன்மாரே. அப்பா வாங்குன ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர், 1998 மாடல். தோட்டத்துல இருந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லி கொண்டு போறது இதுலதான். ஓட்டத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா ராத்திரி நடையில நிறுத்துனா, விடியக்காலம் கார்பரேட்டருக்குக் கீழ தரை ஈரமா இருக்கு, வீடெல்லாம் வாடை. பூ மூட்டையில அது ஏறிட்டா அன்னைக்கு விலை போச்சு. கடைக்காரர் ஒரு கை அள்ளி மோந்து பாத்ததுமே ஒதுக்கி வச்சிருவாரு. பக்கத்து ஒர்க்‌ஷாப்புல கார்பரேட்டருக்குள்ள பெட்ரோல் வர்ற வழிய அடைக்குற ஊசி, அந்த நீடில் வால்வைப் புதுசா போட்டாங்க. கொஞ்ச நாள் நின்னுச்சு, மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு. இப்ப கார்பரேட்டரையே மாத்தணும்ங்கிறாங்க. மாத்தித்தான் ஆகணுமா?

திருமங்கலம் பழைய வண்டி:
தம்பி, காசக் கொடுத்துறாதீங்க, பொறுங்க. அதுக்கு முன்னாடி, இன்னைக்கே வண்டிய நடையில இருந்து எடுத்து வெளிய நிறுத்துங்க. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட ஊர்ந்து போகும். சாயங்காலம் விளக்கேத்துற வீட்டுக்குள்ள அந்த வண்டி நிக்கவே கூடாது. டேங்க் அடியில பெட்ரோலைத் திறந்து மூடுற திருகு இருக்குல்ல, அந்த காக்கையும் ஆஃப்ல போட்டுருங்க.

பழைய வண்டியில ஒழுகுற இடம் ஒண்ணு, சொட்டுற இடம் வேறொண்ணா இருக்கும். டேங்க்ல காக் உக்கார்ற இடத்துல கசிஞ்சாலும் ட்யூப் வழியா இறங்கி கார்பரேட்டர் அடியிலதான் சொட்டும். பாக்குறவங்க கார்பரேட்டரைத்தான் கழட்டுவாங்க. அதனால இஞ்சின் நல்லா ஆறுன பிறகு மொத்தத்தையும் துணியால துடைச்சு, காக், ட்யூப், கார்பரேட்டர் அடியில பெட்ரோல் தேங்குற கப்போட விளிம்பு எல்லாத்துலயும் சாக்பீஸ் பொடியத் தூவி விடுங்க. காக்கை ஆன் பண்ணிட்டு பக்கத்துலயே உக்காந்து பாருங்க. பெட்ரோல் இறங்குற தடத்துல பொடி கறுத்துக் காட்டிக் குடுத்துரும். எந்த இடம் முதல்ல நனையுதோ அதுதான் ஆளு.

அடுத்து, கார்பரேட்டர் பக்கம் ட்யூபை உருவி, காய்ஞ்ச பாட்டில்ல விட்டு, காக்கை ஆஃப்ல வச்சு ராத்திரி பூரா விடுங்க. காலையில பாட்டில்ல துளி கிடந்தா காக்குக்குள்ள இருக்குற ரப்பர் போச்சு, கார்பரேட்டர் மேல பழி இல்ல. பாட்டில் காய்ஞ்சு கிடந்து, ட்யூபை மறுபடி மாட்டி ஆன்ல போட்டா மட்டும் அடியில மிஞ்சுன பெட்ரோல் வெளியேறுற ஓவர்ஃப்ளோ பைப்புல சொட்டுதுன்னா, நீடில் அடைக்கலன்னு அர்த்தம்.

புது நீடில் ஏன் அடைக்கலன்னு கேப்பீங்க. நீடில் போய் உக்கார்ற சீட்டுல ஒரு துரும்பு துரு இருந்தாப் போதும். கார்பரேட்டரைக் கழட்டிக் கவுத்துப் பிடிங்க, கப்புக்குள்ள மிதக்குற ஃப்ளோட் தன் கனத்துல நீடிலை அமுக்கும். பெட்ரோல் வர்ற வாய்ல சுத்தமான ட்யூபை மாட்டி லேசா ஊதுங்க. காத்து போகக்கூடாது. நேரா நிமித்துனா போகணும். கவுத்தும் காத்து போச்சுன்னா, நீடிலை உருவி அதோட நுனிய நகத்தால தடவிப் பாருங்க. சுத்தி ஒரு வரப்பு மாதிரி தட்டுப்பட்டா மாத்துங்க, வழவழன்னு இருந்தா சீட்டைத்தான் சுத்தம் பண்ணணும். காது குடையுற பஞ்சுக் குச்சியால, பெட்ரோல் தொட்டு. கம்பி, ஊசி எதையும் விட்டுறாதீங்க, பித்தளை கீறிரும். அப்படியே ஃப்ளோட்டைக் காதுகிட்ட குலுக்குங்க, உள்ள தளும்புற சத்தம் வந்தா அது ஓட்டை.

மறக்காம இஞ்சின் ஆயில் குச்சிய எடுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடிச்சாலோ அளவு ஏறியிருந்தாலோ, ஆயிலை மாத்தாம ஸ்டார்ட் பண்ணாதீங்க. நீர்த்த ஆயில்ல ஓட்டுனா பேரிங் தாங்காது.

மேலூர் டூ வீலர்:
அண்ணன் சொன்னது சரி. கூடவே ட்யூபையும் பாருங்க. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதுக்குச் செஞ்சதில்ல, கிளிப் போடுற இடத்துல வெடிக்கும். டேங்க்ல ஓட்டை தெரிஞ்சா, தயவுசெஞ்சு நீங்களா வெல்டிங் வைக்கப் போகாதீங்க. காலி டேங்க்லதான் ஆவி நிறைய இருக்கும், தீப்பொறி பட்டா வெடிச்சிரும்.

செக்கானூரணி மல்லிக்காரன்:
பண்ணிட்டேன் அண்ணே. பாட்டில் காய்ஞ்சுதான் இருந்துச்சு. பொடி ஓவர்ஃப்ளோ பைப்பைச் சுத்தி மட்டும் கறுத்துச்சு. கவுத்து ஊதுனா காத்து போகுது, நீடில் நுனி வழவழன்னுதான் இருக்கு. கப்பைத் தொறந்தா அடியில செங்கல் தூள் மாதிரி துரு. சீட்டைத் துடைச்சு மாட்டுனேன், நேத்து ராத்திரி சொட்டல. ஆயில்லயும் வாடை இல்ல. இனி டேங்க்கை என்ன பண்றது?

திருமங்கலம் பழைய வண்டி:
அதுதான் விஷயம். டேங்க் துரு இறங்க இறங்க, எத்தனை நீடில் போட்டாலும் இதே கதைதான். டேங்க்கைக் கழட்டி, காக்கை எடுத்து அந்த ஓட்டையை அடைச்சு, உள்ள ஒரு கைப்பிடி அளவு நட்டு போட்டு, தண்ணி ஊத்தி நல்லா குலுக்கிக் கொட்டுங்க. தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் விடாதீங்க. போட்ட நட்டு எல்லாம் வெளிய வந்திருச்சான்னு எண்ணிப் பாருங்க. வெயில்ல ஈரம் ஒரு சொட்டு இல்லாமக் காயவச்சு, கொஞ்சம் பெட்ரோல் விட்டு அலசி ஊத்திட்டு மாட்டுங்க. காக்கோட வடிகட்டி கிழிஞ்சிருந்தா மாத்திருங்க. டேங்க் மூடியோட ரப்பரையும் பாத்துருங்க, மழைத்தண்ணி அங்கிட்டுத்தான் இறங்குது.